பிறந்த தேதி தெரிந்தாலும் மரபு மரபுதான்

சுவீடனின் நாட்டுப்புற ஆடல்கள் என்று உலகம் அறிந்தவற்றில் பல, எந்தக் கிராமத்துக் களத்திலும் பிறந்தவை அல்ல. தலைநகர் ஸ்டாக்ஹோமின் அரச ஓப்பரா அரங்கில் பாலே ஆசிரியராக இருந்த ஆண்டர்ஸ் செலிண்டர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேடைக்காக அமைத்துக் கொடுத்தவை அவை. ஓர் ஆணுக்காக இரண்டு பெண்கள் போட்டியிடும் விங்கோக்கர் ஆடலும், தாலார்னா மாகாணத்தின் பெயரைத் தாங்கிய தால்தான்ஸ் ஆடலும் அப்படி வந்தவையே. 1880இல் உப்சாலா பல்கலைக்கழக மாணவர்கள் ஃபிலோகோரோஸ் என்ற ஆடல் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் எடுத்ததும் பெரும்பாலும் இந்த மேடை ஆடல்களைத்தான். தொடக்கத்தில் அந்தக் குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்ததால் பெண் வேடமும் அவர்களே கட்டினார்கள். 1893இல் ஸ்டாக்ஹோமில் நாட்டுப்புற ஆடல் நண்பர்கள் சங்கமும், 1920இல் நாடு தழுவிய இளைஞர் கூட்டமைப்பும் தோன்றி, இதே ஆடல்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. இந்த வரலாறு தெரியவரும்போது மனிதர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். மரபின் மேல் பற்றுள்ளவர்கள் இதைப் பேசாமல் மறைக்கப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் எல்லாமே போலி என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் வாதம். ஒரு வழக்கத்தின் மதிப்பு அதன் வயதில் இல்லை. மக்கள் அதை எடுத்துச் செய்து, கற்று, கற்பித்து வருவதில் இருக்கிறது. அதன் பிறப்பு வரலாற்றை ஒளிக்காமல் சொல்வதுதான் அதற்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல பாதுகாப்பு. சுவீடனின் ஆடலும் ஆடையும் பருவ விழாக்களும் இதற்குத் தெளிவான சான்று.

மேடை ஆடல்தான் நகரத்துப் படைப்பு, கிராமத்து ஆடலாவது தூய்மையாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அதற்கும் சான்றுகள் இடம் தரவில்லை. சுவீடன் கிராமங்களின் உயிர்நாடியான போல்ஸ்கா, இணையாகச் சுழன்று ஆடும் மூன்று தாள ஆடல். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், போலந்தோடு அரச உறவும் போர்களும் வணிகமும் நெருக்கமாக இருந்த காலத்தில், அந்த நாட்டு ஆடல் வகைகளின் தாக்கத்தில் உருவானது அது. முதலில் அரண்மனையிலும் மேட்டுக்குடியினரின் கூடங்களிலும் ஆடப்பட்டு, பிறகு திருமண வீடுகளுக்கும் அறுவடைக் கூடங்களுக்கும் இறங்கியது. வால்ஸ் ஆடல் ஜெர்மானிய நிலப்பரப்பிலிருந்தும், போல்கா பொகீமியாவிலிருந்தும், மசூர்கா மறுபடியும் போலந்திலிருந்தும் வந்தன. இன்று சுவீடனின் தேசிய ஆடல் என்று பலர் சொல்லும் ஹம்போ, போல்ஸ்காவின் ஒரு கிளையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்று, 20ஆம் நூற்றாண்டின் ஆடல் மேடைகளில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. ஹெல்சிங்லாண்ட் மாகாணத்தில் அதற்கென நடத்தப்படும் பெரும் போட்டி 1965இல்தான் தொடங்கியது. கிராமம் ஒருபோதும் கதவடைத்த வீடாக இருக்கவில்லை. படைவீரர்களும் வணிகர்களும் ஊர் சுற்றிய பிடில் கலைஞர்களும் கொண்டுவந்ததை வாங்கி, தன் கால்களுக்கும் தன் தரைக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம்தான் கிராமத்தின் படைப்பு. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால், சுவீடனுக்குச் சொந்தமான ஆடல் என்று எதுவுமே மிஞ்சாது. ஆனால் போல்ஸ்காவை ஆடிப் பார்த்த எவரும், கேட்டுப் பழகிய எவரும், அது சுவீடனுக்குச் சொந்தமானதல்ல என்று சொல்லமாட்டார்கள்.

நகரத்து மனிதர்கள் இதில் தலையிடவேண்டிய தேவை ஏன் வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1827ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், சிதறிக்கிடந்த வயல் துண்டுகளை ஒன்றாக்கியது. அதோடு, நெருங்கிக் கிடந்த வீடுகளையும் ஊருக்கு வெளியே தனித்தனிப் பண்ணைகளாகப் பிரித்துப்போட்டது. அதே நூற்றாண்டில் பரவிய பக்தி மறுமலர்ச்சி இயக்கம், ஆடலைப் பாவம் என்றும் பிடிலைச் சாத்தானின் கருவி என்றும் போதித்தது. மனம் திரும்பிய பிடில் கலைஞர்கள் தங்கள் கருவிகளைத் தாங்களே எரித்த செய்திகள் பல மாகாணங்களில் பதிவாகியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1872இல் தாலார்னாவில் பயணம் செய்த ஆர்தூர் ஹசேலியுஸ், ஊருக்கு ஊர் வேறுபட்ட உடைகள் மறைந்துவருவதைக் கண்டு அவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் காட்சிக்கூடம் திறந்தார். 1891இல் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவி, நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார். ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1906இல் சில்யான் ஏரிக்கரையில் உள்ள கெசுண்டாவில் கிராமியக் கலைஞர்களுக்கான இசைப்போட்டியை நடத்தினார். 1910இல் அந்தக் கலைஞர்களின் தேசிய மாநாடு ஸ்கான்செனில் கூடியது. இந்த முயற்சிகளில் கற்பனாவாதம் கலந்திருந்தது உண்மைதான். அவை இல்லாமல் போயிருந்தால், இன்று விவாதிக்கக்கூட எதுவும் எஞ்சியிருக்காது என்பதும் அதே அளவு உண்மை.

ஆனால் மீட்பு வேலைக்கு ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த வாதத்தை நேர்மையாக முன்வைக்க முடியாது. மேடைக்கும் சங்கக் கையேட்டுக்கும் ஏற்றபடி ஆடல்கள் வரிசைப்படுத்தப்பட்டன. எத்தனை அடி, எந்தத் திசை, எந்த இடத்தில் கைமாற்றம் என்று எல்லாமே அச்சில் நிலைத்துப்போயின. கிராமத்தில் போல்ஸ்கா அப்படி இருந்ததில்லை. ஒரே ஊரில், ஒரே பாட்டுக்கு, ஓர் இணை சுழலும் முறை இன்னோர் இணையின் முறையிலிருந்து வேறுபடும். பிடில் கலைஞர் தாளத்தை இழுக்கும் விதத்தைக் கேட்டு, கால்கள் அந்தக் கணத்தில் முடிவெடுக்கும். அந்தச் சுதந்திரம் சீருடை அணிந்த குழு ஆடலில் காணாமல் போனது. அதை மீட்டவர்கள், சங்க ஆடல்தான் பழைய ஆடல் என்று நம்ப மறுத்தவர்களே. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக நாட்டுப்புற இசை அலை எழுந்த 1970களில், ஆர்வலர்கள் வயதான கிராமத்து ஆடலர்களைத் தேடிப் போனார்கள். அவர்கள் ஆடுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள், படம்பிடித்தார்கள், அவர்களோடு சேர்ந்து ஆடிக் கற்றார்கள். இன்று அந்த உள்ளூர் ஆடல்களில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு நடுவர் முன் ஆடிக்காட்டிப் பதக்கம் பெறும் முறை இருக்கிறது. மேடை ஆடலின் பிறப்புச் சான்றிதழை வெளிப்படையாகப் படித்ததால்தான் இந்தத் தேடல் சாத்தியமானது. எல்லாமே ஆதிகாலத்தது என்ற நம்பிக்கையில் மயங்கியிருந்தால், அந்த முதியவர்களின் வீட்டுக் கதவை யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். வரலாற்றுண்மை மரபுக்கு எதிரி இல்லை, அதன் மருத்துவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆடையின் கதை இன்னும் கூர்மையானது. தாலார்னாவின் லெக்சாண்ட், ரெத்விக், மோரா போன்ற ஊர்களிலும், தெற்கே ஸ்கோனே, பிளெக்கிங்கே பகுதிகளிலும் திருச்சபை வட்டத்துக்கு வட்டம் உடை மாறியது. ரெத்விக் பெண்கள் தனியாக முன்கட்டுத் துணி (ஏப்ரன்) கட்டாமல், பாவாடையின் முன்புறத்திலேயே குறுக்குக் கோடுகள் கொண்ட துணியை இணைத்திருந்தார்கள். லெக்சாண்டில் எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த முன்கட்டுத் துணி, துக்கத்துக்கு எது, பெருநாளுக்கு எது என்று ஆண்டு முழுவதற்குமான ஒழுங்கு இருந்தது. மணமான பெண்ணின் தலையை வெள்ளைத் துணித்தொப்பி மூடியது. பார்த்த மாத்திரத்தில் ஒரு பெண்ணின் ஊர், மணநிலை, அவள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்த அழகை ரசிப்பவர்கள், அதற்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஊர் வகுத்த ஒழுங்கை மீறினால் ஊரின் பேச்சுக்கு ஆளாகவேண்டியிருந்தது. அதே நேரத்தில், நாட்டின் பெரும்பகுதியில் இத்தகைய தனித்த ஊர் உடையே இருந்ததில்லை. அங்கெல்லாம் உடுத்தப்பட்டது, நகரத்து நாகரிகத்தைச் சற்றுத் தாமதமாகப் பின்தொடர்ந்த சாதாரண உடை. 20ஆம் நூற்றாண்டில் ஊர்ப்பற்று இயக்கம் வளர்ந்தபோது, இல்லாத ஊர்களும் தமக்கென ஓர் உடை வேண்டும் என்றன. பெட்டியில் கிடந்த ஒரு ரவிக்கை, அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பாவாடை, பழைய சொத்துப் பட்டியலில் கண்ட ஒரு துணிப்பெயர் ஆகியவற்றை ஒட்டி உடைகள் அமைக்கப்பட்டன. சில முற்றிலும் புதிதாகவே வரையப்பட்டன. எது பழைய ஊர் உடை, எது துண்டுகளிலிருந்து மீட்டமைத்தது, எது புதிதாக வடிவமைத்தது என்பதைச் சுவீடனின் ஆடை ஆய்வாளர்கள் தனித்தனியே வகைப்படுத்திச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னதால் யாரும் அந்த உடைகளைக் கழற்றி வைத்துவிடவில்லை.

அரசாணை மரபை உண்டாக்காது என்பதையும் ஆடையின் வரலாறே காட்டுகிறது. 1778இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ், பிரெஞ்சு நாகரிகச் செலவைக் குறைக்கும் நோக்கில், தானே வடிவமைத்த தேசிய உடையை அறிமுகப்படுத்தினார். அரசவையில் அது சில காலம் வழங்கியது, மக்களிடம் வேரூன்றவில்லை. 1900களின் தொடக்கத்தில் மெர்த்தா யோர்கென்சன் என்ற பெண், சுவீடன் பெண்கள் அனைவருக்கும் பொதுவான உடையை முன்மொழிந்து, அதற்கென ஒரு சங்கமும் கண்டார். நீலப் பாவாடையும் மஞ்சள் முன்கட்டுத் துணியும் கொண்ட அந்த உடையின் நோக்கங்களில் ஒன்று, இடுப்பை இறுக்கும் வெளிநாட்டு நாகரிகத்திலிருந்து பெண்களை விடுவிப்பது. அது பெரிதாகப் பரவாமல் மறக்கப்பட்டு, 1970களில் மீண்டும் கவனத்துக்கு வந்தது. 1983 ஜூன் 6 அன்று அரசி சில்வியா அதை உடுத்தி வந்தபோது தேசிய உடை என்ற ஏற்பைப் பெற்றது. துணியின் வழியாக உலகமும் இந்த உடைகளுக்குள் வந்தது. ஐரோப்பாவின் பல கிராமிய உடைகளைப் போலவே சுவீடனின் உடைகளிலும் காணப்படும் பூ அச்சிட்ட பருத்திக் கைக்குட்டைகளின் முன்னோடி, கிழக்கிந்தியக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து ஏற்றிச்சென்ற சாயத் துணிகள். அவற்றைப் பார்த்துத்தான் ஐரோப்பிய அச்சுப் பட்டறைகள் பழகின. 1731இல் தொடங்கப்பட்ட சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியும் நம் கரைக்கு வந்திருக்கிறது. 1733இல் அதன் கப்பல் ஒன்று சோழமண்டலக் கடற்கரையின் பரங்கிப்பேட்டையில் வணிகத்துக்கு இறங்கியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அங்கிருந்த சுவீடன் பண்டசாலையைத் தாக்கிச் சரக்குகளைக் கைப்பற்றினார்கள். ஒரு நாட்டின் பழம் உடை என்று நாம் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பது, பல நாட்டு வணிகத்தின் தடங்களைச் சுமந்தே நிற்கிறது.

பருவ விழாக்களில் முதன்மையானது கோடை நடுநாள் விழா. வடக்கே சூரியன் மறையாமல் நிற்கும் காலம் அது. பசுந்தழைகளும் பூக்களும் சுற்றிய உயர்ந்த கம்பத்தை ஊரார் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள், அதைச் சுற்றி வட்டமிட்டு ஆடுவார்கள். ஊறவைத்த ஹெர்ரிங் மீனும், புது உருளைக்கிழங்கும், ஸ்ட்ராபெர்ரிப் பழமும் அன்றைய விருந்து. கம்பம் நடும் பழக்கம் இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஜெர்மானிய நிலங்களிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு சுவீடன் நிலத்தில் வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டில். குழந்தைகளும் பெரியவர்களும் தவளைபோல் குனிந்து தாவும் பாட்டின் மெட்டு, ஒரு பிரெஞ்சு ராணுவ அணிவகுப்பு மெட்டிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. விழாவின் நாள்கூட நிலையானதாக இல்லை. நூற்றாண்டுகளாக ஜூன் 23, 24 தேதிகளில் கொண்டாடப்பட்டதை, தொழிலாளர்களின் வார விடுமுறையோடு பொருந்தும்படி 1953 முதல் வெள்ளி, சனிக்கிழமைகளுக்கு அரசு மாற்றியது. ஒரு விழாவின் நாளையே சட்டம் போட்டு மாற்றினார்கள், விழா சாகவில்லை. லெக்சாண்டில் இன்றும் கம்பம் ஏற்றும் மாலையில் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். நீண்ட இருட்டுக்குப் பிறகு வெளிச்சத்தைச் சேர்ந்து அனுபவிக்க வேண்டும் என்ற தேவை, தேதியையும் மெட்டையும் விட ஆழமானது. விழா அந்தத் தேவையில்தான் நிற்கிறது.

டிசம்பர் 13 அன்று நடக்கும் லூசியா விழா இந்த வாதத்தின் இன்னொரு தூண். விடியுமுன், தலையில் மெழுகுவர்த்திகள் எரியும் முடியோடு, வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்த ஒரு பெண், பாடும் தோழியரோடும் நட்சத்திரச் சிறுவரோடும் நடந்து வருவாள். பழைய நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு என்று கருதப்பட்ட இரவு அது. கெட்ட ஆவிகள் உலவும் இரவு என்ற நாட்டார் நம்பிக்கையும் அதற்கு உண்டு. ஆனால் வெள்ளை உடையில் விளக்கேந்தி வரும் லூசியாவைப் பற்றிய முதல் தெளிவான பதிவு 1764ஆம் ஆண்டையது. அதுவும் மேற்கு சுவீடனின் ஒரு மாளிகையில், மேட்டுக்குடி வீட்டு வழக்கமாக. 1893இல் ஸ்கான்சென் அதை நகரத்தார்க்குக் காட்டியது. 1927இல் ஸ்டாக்ஹோமின் ஒரு நாளிதழ் லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டியையும் ஊர்வலத்தையும் நடத்தியபிறகே அது நாடெங்கும் பரவியது. புனித லூசியா சிசிலித் தீவின் சிராகுஸ் நகரத்தவர். ஊர்வலப் பாட்டின் மெட்டு நேப்பிள்ஸ் நகரத்தது, சுவீடிய வரிகள் 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. அன்று சுடும் மஞ்சள் ரொட்டிக்கு நிறம் தரும் குங்குமப்பூ தெற்கிலிருந்து வரும் பொருள். ஓர் இத்தாலியப் புனிதை, ஓர் இத்தாலிய மெட்டு, ஒரு பத்திரிகையின் போட்டி ஆகியவை சேர்ந்த இந்த விழாவைக் கேட்டு வளராத குழந்தை சுவீடனில் அரிது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் தேவாலயத்திலும் அது நடக்கிறது. நூறு ஆண்டுகளுக்குள் பொது வடிவம் பெற்ற ஒன்று, ஒரு நாட்டின் குளிர்காலத்தையே தாங்கி நிற்கிறது.

பிறப்பு வரலாற்றைச் சொல்வது எப்போதும் இனிமையாக இருக்காது. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தைய நாட்களில் சுவீடன் குழந்தைகள் தலையில் துணி கட்டி, கன்னத்தில் சிவப்புப் பூசி, கிழச் சூனியக்காரிகளாக வேடமிட்டு வீடு வீடாகப் போவார்கள். தாங்கள் வரைந்த வாழ்த்து அட்டையைக் கொடுத்து மிட்டாய் வாங்குவார்கள். பார்க்க மகிழ்ச்சியான வழக்கம்தான். ஆனால் அந்த நாட்களில் சூனியக்காரிகள் பறந்து போவதாகச் சொல்லப்பட்ட புளோகுல்லா என்ற இடத்தின் பெயரால், 1668 முதல் 1676 வரை நாட்டில் ஏறத்தாழ முந்நூறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தங்களை அங்கே தூக்கிச் சென்றதாகச் சாட்சி சொன்னவர்கள் குழந்தைகள். 1675இல் தோர்சோக்கர் பகுதியில் மட்டும் ஒரே நாளில் எழுபதுக்கும் மேற்பட்டோர் தலை வெட்டப்பட்டு எரிக்கப்பட்டார்கள். இதனால் அந்த விளையாட்டையே நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயத்தைச் சிரிப்பாக மாற்றுவது ஒரு சமூகம் தன் காயத்தைக் கடந்துவரும் வழிகளில் ஒன்று. ஆனால் வேடமிடும் குழந்தை பெரியவளாகும்போது, அந்தக் கதையையும் அறிந்திருக்கவேண்டும். பெருமையைச் சொல்லும்போது தேதி சொல்லி, வெட்கத்தைச் சொல்லும்போது தேதியை மறைப்பது வரலாறு ஆகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். புதிதாகச் செய்ததைப் பழையது என்று நம்பவைப்பது ஏமாற்று அல்லவா, அறிஞர்கள் அதைத்தானே கட்டமைக்கப்பட்ட மரபு என்கிறார்கள் என்று கேட்பார்கள். நம்பவைப்பது ஏமாற்றுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொய் இருப்பது வயதைப் பற்றிய கூற்றில், வழக்கத்தில் அல்ல. பொய்யான கூற்றை நீக்கிவிட்டாலும் வழக்கம் உயிரோடு இருக்கிறதா என்பதே சோதனை. நிக்கல்ஹார்பா என்ற இசைக்கருவி அந்தச் சோதனையில் வென்றது. வில்லால் மீட்டி, மரச் சாவிகளால் சுரம் பிடிக்கும் இந்தக் கருவி பல நூற்றாண்டுப் பழமை உடையது. உப்சாலாவைச் சூழ்ந்த ஊப்லாண்ட் மாகாணத்தில் அது நின்று நிலைத்தது. இன்று பரவலாக வாசிக்கப்படும் வடிவம் 1929இல் ஆகஸ்ட் போலின் செய்த மாற்றத்தில் தொடங்கி, எரிக் சால்ஸ்ட்ரோமின் கைவண்ணத்தில் முழுமை பெற்றது. அருகிவந்த அந்தக் கருவியை, அதைச் செய்யக் கற்றுக்கொடுத்த பயிற்சி வகுப்புகளே பெருக்கின. 2023இல் யுனெஸ்கோ, மரபைக் காக்கும் நல்ல நடைமுறைகளின் பட்டியலில் நிக்கல்ஹார்பா கலைஞர்களின், கருவி செய்வோரின் வலையமைப்பைச் சேர்த்தது. அங்கே பாராட்டப்பட்டது ஒரு பழம்பொருளின் வயது அல்ல, அதைக் கைமாற்றிக் கொடுக்கும் முறை. மாற்றத்தை மறைக்காத ஒரு மரபு, மாற்றத்தாலேயே பிழைத்தது.

இந்தக் கேள்வி வெறும் அறிவு விவாதம் இல்லை என்பதை அரசியல் காட்டிவிட்டது. 2010 தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான சுவீடன் ஜனநாயகர்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள். திறப்பு விழாவுக்கு அதன் தலைவர் பிளெக்கிங்கே வட்டார உடையில் வந்தார். நாட்டுப்புற இசையையும் ஆடலையும் தங்கள் அரசியலின் அடையாளமாக அந்தக் கட்சி முன்வைத்தது. உடனே கிராமிய இசைக் கலைஞர்கள், அந்நியர் வெறுப்புக்கு எதிரான நாட்டுப்புற இசைக் கலைஞர்கள் என்ற பெயரில் ஒன்று திரண்டார்கள். தங்கள் இசை எல்லை கடந்து வந்தது என்பதை வாசித்தும் பேசியும் காட்டினார்கள். 2016 டிசம்பரில் ஒரு கடைத்தொடர், கறுத்த நிறமுள்ள குழந்தையை லூசியாவாகக் காட்டி விளம்பரம் செய்தது. வெறுப்புக் கருத்துகள் குவிந்ததால், குழந்தையின் நலன் கருதி விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. சிசிலியிலிருந்து வந்த புனிதைக்குத் தோல் நிறத்தை நிபந்தனையாக்குவது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை, விழாவின் வரலாறு தெரிந்தவர் ஒரு நொடியில் உணர்வார். நாட்டில் ஐவரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவராக இருக்கும் காலத்தில், இந்த அறிவு அலங்காரம் அல்ல, தேவை. ஒரு வழக்கம் ஆதியிலிருந்தே இந்த மண்ணின் ரத்தத்தில் ஊறியது என்று சொன்னால், வெளியிலிருந்து வந்தவருக்கு அதில் இடமில்லை. அது வந்தது, கற்கப்பட்டது, பரவியது என்று உண்மையைச் சொன்னால், கற்க விரும்பும் எவருக்கும் அதன் வாசல் திறந்தே இருக்கும். தேசியவாதத்துக்குப் பயந்து உடையையும் ஆடலையும் கைவிடச் சொல்பவர்களின் ஆலோசனை இதனால்தான் தவறு. கைவிட்டால், அவற்றின் கதையைச் சொல்லும் உரிமையும் கையை விட்டுப் போய்விடும்.

அப்படியானால் எல்லாம் எல்லோருக்கும், எதையும் எப்படியும் மாற்றலாம் என்று ஆகிவிடாதா என்பது அடுத்த மறுப்பு. ஆகாது. அதைத் தடுப்பதும் வரலாறுதான். சுவீடனின் வடக்கே வாழும் சாமி மக்களின் உடை, ஊர்ச் சங்கம் ஒன்று வரைந்த விழா உடையைப் போன்றது அல்ல. அந்த மக்களின் சமய மேளங்களை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் திருச்சபை பறித்து அழித்தது. 1693இல் ஆர்யெப்லோக்கில் லார்ஸ் நில்சன் என்ற சாமி முதியவர் தன் மேளத்தையும் வழிபாட்டையும் விடாததற்காகக் கொல்லப்பட்டார். 2021இல்தான் சுவீடன் திருச்சபை உப்சாலாவில் சாமி மக்களிடம் முறையாக மன்னிப்புக் கேட்டது. அடக்கியவர்களின் பிள்ளைகள் அந்த உடையை நினைவுப்பொருளாக மாட்டிக்கொள்வதும், அடக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அதைத் தங்கள் உறவு அடையாளமாக அணிவதும் ஒன்றாகாது. எந்த வழக்கம் அரங்கிலிருந்து வந்தது, எது அரண்மனையிலிருந்து இறங்கியது, எது ஒடுக்குமுறையைத் தாங்கி நின்றது என்று தெரிந்தால்தான், எங்கே தாராளமாகப் பகிரலாம், எங்கே அனுமதி கேட்கவேண்டும் என்பது தெரியும். வணிகமயமாதல் பற்றிய கவலைக்கும் இதுவே விடை. விற்பனைக்கு வருவதால் மட்டும் ஒரு வழக்கம் கெட்டுவிடாது, லூசியாவைப் பரப்பியதே ஒரு பத்திரிகைதான். தன் வரலாற்றைச் சொல்லத் தெரியாத மக்களிடம் அது வெறும் விற்பனையாகச் சுருங்கும். தெரிந்தவர்களிடம் சுருங்காது.

எனவே செய்யவேண்டியது தெளிவானது. ஆடல் வகுப்பில் ஓர் ஆடலைக் கற்றுத்தரும்போதே அது செலிண்டரின் மேடையிலிருந்து வந்ததா, ஒரு கிராமத்து முதியவரின் கால்களிலிருந்து கற்றதா என்பதையும் சொல்லித்தரவேண்டும். உடையின் வெட்டு முறையோடு அதன் ஆண்டையும் ஆதாரத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். பள்ளியில் லூசியா ஒத்திகை நடக்கும்போது சிராகுஸும் நேப்பிள்சும் 1927ஆம் ஆண்டும் பாடமாகவேண்டும். சுவீடன் இதற்கான ஒரு கருவியை ஏற்கெனவே உருவாக்கிவைத்திருக்கிறது. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபு உடன்படிக்கையில் 2011இல் இணைந்தபிறகு, மொழி மற்றும் நாட்டார் வழக்காற்று நிறுவனத்தின் பொறுப்பில் வாழும் மரபுகளின் பட்டியல் ஒன்று தொகுக்கப்படுகிறது. சங்கங்களும் தனிமனிதர்களும் தங்கள் வழக்கங்களை அதற்கு முன்மொழியலாம். அந்தப் பட்டியல் கேட்கும் முதன்மையான கேள்வி, இன்று இதைச் செய்பவர்கள் யார், அடுத்தவருக்கு எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பது. மரபைப் பற்றிக் கேட்கவேண்டிய சரியான கேள்வியும் அதுவே. எவ்வளவு பழையது என்று மட்டும் கேட்கும் சமூகம், பழமையை நிரூபிக்கப் பொய்களைத் தேடிப் போகும், அல்லது பழமை இல்லை என்று தெரிந்ததும் கையில் இருப்பதையும் எறிந்துவிடும். யார் செய்கிறார்கள், யாருக்குக் கற்றுத்தருகிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்று கேட்கும் சமூகம், தன் மரபைக் காக்கவும் திருத்தவும் ஒருசேரக் கற்றுக்கொள்ளும். சுவீடனின் ஆடலும் ஆடையும் விழாக்களும் இந்த இரண்டாவது வழியில் வலுப்பெற்றிருக்கின்றன. தங்கள் மரபை நேசிப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அதன் பிறந்த தேதியைச் சொல்ல அஞ்சவேண்டியதில்லை.